எதிர்த்தரப்பின் மேசையில் எங்கள் ஞாபகம்

(வாகரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர் கனடாவிலிருந்து வந்திருக்கும் அறிஞர் என்று சொன்னார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். எக்சிடன்ட் கேஸ்களில் இன்சூரன்ஸ் கம்பனி ஏற்பாடு செய்கிற டொக்டருக்கும் எங்கள் ஆட்களுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து, அவர் கேட்பதைத் தமிழில் சொல்லி, இவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லிப் பிழைத்தவன். அதற்கு முன்பு பனிச்சங்கேணிக் களப்பில் அப்பாவோடு வலை வீசியவன். இரண்டு வேலையும் தெரியும் என்ற ஒரே தகுதியில் உங்கள் முன் நிற்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு கடிதம். என் மச்சான் மாங்கேணிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு வான் இடித்து விழுந்தார். நான் சின்னவனாக இருந்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இந்த ஏ-15 வீதியால் போவதென்றால் இடையிடையே மிதவைப் பாதை ஏறி ஆறு கடக்க வேண்டும். அரை நாள் வேலை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, வீதி காப்பெட் ஆனது. இப்போது வான்காரனுக்குக் கண் தெரிவதில்லை. எங்கள் பெடியன்களுக்குத் தலைக்கவசம் கைப்பிடியில்தான் தொங்குகிறது. மச்சானின் தலைக்கவசமும் அங்கேதான் தொங்கியது. ஸ்கானில் ஒன்றுமில்லை என்று ஐந்தாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரே வந்து 'ஆள் தப்பிட்டார்' என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது.

ஆறு மாதம் கழித்துத் தங்கச்சி தொலைபேசியில் சொல்கிறாள்: "அண்ணன், வலை வெச்ச இடம் மறந்து போகுது இவருக்கு. இறால் நிறுத்துக் குடுத்திட்டு எத்தின கிலோ எண்டு திரும்பக் கேக்கிறார். சின்னவள் கரண்டியக் கீழ போட்டா அடிக்கப் பாயிறார். பிறகு இருந்து அழுறார்." அதோடு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. வானின் காப்புறுதிக் கம்பனி எழுதியது. கொழும்பில் தங்களுடைய நிபுணர் ஒருவரிடம் வாருங்கள், ஞாபகசக்தியும் மூளையின் தொழிற்பாடும் சோதிக்க வேண்டும் என்கிறது. அவள் கேட்டது ஒரே கேள்வி. "போறதா, உடுறதா?"

அவளுக்கு நான் சொன்ன பதில்தான் இன்றைய பேச்சு. கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில், ஸ்கானில் ஒன்றுமில்லை என்பதன் பொருள். சி.டி. ஸ்கான் மண்டையோட்டு வெடிப்பையும் இரத்தக் கசிவையும் காட்டும். தலை வேகமாக உலுக்கப்படும்போது மூளைக்குள்ளே இழுபட்டு அறுகிற நரம்பிழைகளை அது பெரும்பாலும் காட்டாது. வலையில் பெரிய கிழிசல் தூரத்திலிருந்தே தெரியும். நூல் நைந்திருப்பது மீன் போன பிறகுதான் தெரியும். அந்த நைந்த இடத்தைத் தேடுவதற்காக உண்டானதுதான் நரம்பு உளவியல் பரிசோதனை. படம் எடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. கேள்வி கேட்பார்கள், சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள், கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு கோடு இழுக்கச் சொல்வார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பின்னேரம் நாலு மணியாகும். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்களைக் கொண்டு நீங்கள் யார் என்று எழுதுவார்கள்.

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், இந்த எண்களுக்குப் பெரிய விலை. விபத்தில் அடிபட்டவருக்கு, பிழை யாருடையது என்று பாராமல் காப்புறுதிக் கம்பனி சில கொடுப்பனவுகளைச் செய்ய வேண்டும். சின்னக் காயம் என்றால் சிகிச்சைக்கு 3,500 டொலர். அதற்கு மேற்பட்ட காயத்துக்கு 65,000. பேரிழப்பு என்று தீர்ந்தால் 10 இலட்சம். 2016 ஜூனில் வந்த மாற்றத்தின் கணக்கு இது. எங்கள் ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பதற்குக் கம்பனி தன் செலவில் பரிசோதனைக்கு அழைக்கும். போகாவிட்டால் கொடுப்பனவு நின்றுபோகலாம். இடித்தவர்மேல் தனியாக வழக்குப் போட்டால், அந்த மாகாணத்து நீதிமன்றங்கள் சட்டத்தின் 105ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு இன்னொரு பரிசோதனைக்குக் கட்டளை கேட்கும். ஒரே தலையை மூன்று நான்கு பேர் தட்டிப் பார்ப்பார்கள், தேங்காய் வாங்குவதைப் போல.

இந்தப் பரிசோதனைக்குச் 'சுயாதீனமானது' என்று ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டு ஏமாறவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அவர் உங்கள் டொக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டார், திரும்ப வரச் சொல்ல மாட்டார். கம்பனிக்கு அறிக்கை எழுதுவார், அவ்வளவுதான். நான் பார்த்தவர்களில் நேர்மையான ஆட்கள் பலர். தண்ணி வேண்டுமா, களைப்பா என்று பத்துத் தடவை கேட்டவர்கள் உண்டு. நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு நாற்பது பக்கம் எழுதியவரும் உண்டு. ஆனால் நேர்மையான ஆளின் கையிலும் பிழையான மரைக்கால் இருந்தால் நெல்லின் கணக்குப் பிழைத்துப்போகும். நான் சொல்ல வந்தது இந்த மரைக்காலைப் பற்றித்தான்.

இலக்கங்களைச் சொல்லித் திருப்பிக் கேட்கிற சோதனையை எடுங்கள். நாலு இலக்கம், ஐந்து, ஆறு என்று கூட்டிக்கொண்டு போவார்கள். இது எல்லா மொழிக்கும் பொது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருக்கால் உங்களுக்குள்ளே சொல்லிப் பாருங்கள்: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது. ஒவ்வொன்றுக்கும் நாக்கு இரண்டு தரம் அசைகிறது, ஒம்பதுக்கு மூன்று தரம். ஆங்கிலத்தில் ஏழைத் தவிர மற்றதெல்லாம் ஒரே அசை, டக் டக்கென்று போய்விடும். இதனால் என்ன என்று கேட்பீர்கள். பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் வேல்ஸ் மொழி பேசுகிற பிள்ளைகள் இந்தச் சோதனையில் தொடர்ந்து குறைவாக எடுத்தார்கள். எலிஸ், ஹெனலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980இல் அதற்குக் காரணம் கண்டார்கள். வேல்ஸ் மொழியின் இலக்கச் சொற்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது. மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்ளும் நேரத்திலேயே முதல் இலக்கம் வழுகிப் போய்விடுகிறது. பிள்ளைகளின் மூளையில் ஒரு குறையும் இல்லை. இருபது வருடம் கதிரையில் இருந்தாலும் எனக்கு இது தோன்றியிராது; ஒரு நல்ல நரம்பு உளவியலாளர் தேநீர் இடைவேளையில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எழுத்துச் சோதனை இன்னும் சிக்கல். ஓர் எழுத்தைச் சொல்லி, அந்த எழுத்தில் தொடங்குகிற சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியுமோ சொல்லுங்கள் என்பார்கள். நான் 'ப' என்று மொழிபெயர்த்தேன். எங்கள் ஆள் "பழம், பந்து, பல்லு" என்று சொல்லி நின்றுவிட்டார். டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பால், பாய், பிட்டு, புட்டி, பூ எல்லாம் எங்கே? பிறகு கேட்டேன். "தம்பி, நீங்க 'ப' எண்டுதானே சொன்னீங்க, 'பா' எண்டு சொல்லல்லியே" என்றார். அவர் செய்தது சரி. அவருக்கு அரிவரியில் ப வேறு எழுத்து, பா வேறு எழுத்து. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்திய மக்களுக்கென்று 2004இல் ஒரு சோதனைத் தொகுதியே வெளியிட்டது. அங்கே எழுத்தைக் கொடுப்பதில்லை, க, ப, ம என்று ஒலியைத்தான் கொடுப்பார்கள். அப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்த மனிதரின் தாளில் மூன்று என்று விழுந்தது. மூன்று என்பது முன்மூளை பழுதான ஆளின் எண்.

இதுவரை கேட்டால் நன்மைதானே என்று நினைப்பீர்கள், எண் குறைந்தால் நட்டஈடு கூடும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. எதிர்த்தரப்பின் அறிக்கை அதே எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, 'இவர் எட்டாம் வகுப்போடு நின்றவர், இவருடைய பழைய நிலையே இதுதான், விபத்து எதையும் குறைக்கவில்லை' என்று எழுதும். அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தில் இது பெரிய வழக்காகவே வந்தது. தலையில் அடிபட்டு மறதி வந்த முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்போது, கறுப்பினத்தவரின் ஆரம்ப நிலையே குறைவு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். ஒரே எண் எடுத்த இரண்டு பேரில் வெள்ளை வீரருக்கு இழப்பு, கறுப்பு வீரருக்கு இழப்பில்லை. இரண்டு வீரர்கள் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2021இல் சங்கம் அந்த முறையைக் கைவிட ஒப்புக்கொண்டது. அங்கே தோலின் நிறத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். எங்களுக்கு வகுப்பும் ஊரும் அந்த வேலையைச் செய்யும்.

லூரியா என்று ஒரு ரஷ்யர். இந்தத் துறைக்கே தகப்பன் மாதிரி. அவர் 1931இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் போகாத விவசாயிகளிடம் கேட்டார்: பனி விழுகிற வடக்கில் கரடியெல்லாம் வெள்ளை, இன்ன தீவு வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம்? விவசாயி சொன்னார், எனக்குத் தெரியாது, நான் கண்டது கறுப்புக் கரடி, காணாததைப் பற்றி எப்படிச் சொல்வது என்று. சுத்தியல், வாள், கோடரி, மரக்கட்டை நாலில் சேராதது எது என்று கேட்டதற்கு, கட்டை இல்லாவிட்டால் வாளுக்கு என்ன வேலை, நாலும் சேரும் என்றார்கள். வாகரையில் தோணியும் வலையும் எந்த வகையில் ஒன்று என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? என் அப்பா, வலை இல்லாட்டித் தோணியால என்ன பிரயோசனம் என்பார். புள்ளி பூச்சியம். இரண்டும் தொழிற்கருவி என்று சொன்னால்தான் இரண்டு புள்ளி. இது நான் கட்டிச் சொன்ன உதாரணம். உண்மையான கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது, அதற்குக் காரணம் பிறகு வரும். லூரியா அந்த விவசாயிகளை மூளை பழுதானவர்கள் என்று எழுதவில்லை. அவர்கள் வாழ்க்கை கேட்கிற யோசனை அவர்களிடம் இருக்கிறது என்றார்.

யோசனை என்றதும் என் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு நாள், அடிபட்டவர் "எந்த நேரமும் ஒரே யோசனை" என்றார். எங்கள் பேச்சில் யோசனை என்றால் கவலை, மனம் உடைந்து கிடப்பது. நான் புதிது, வாயில் வந்தபடி 'எப்போதும் சிந்தித்துக்கொண்டிருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மூன்று கிழமை கழித்து அவர் வீட்டுக்கு வந்த அறிக்கையில், சிந்தனை மந்தமாகியதாக அவர் முறையிடவில்லை என்றும் மனச்சோர்வு பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்றும் இருந்தது. ஒரு சொல்தான். அதன் பிறகு நான் ஒரு கொப்பி வைத்தேன். தலை இரையுது, நெஞ்சு பதறுது, கை கால் உளையுது, மனம் கொதிக்குது என்று நாங்கள் சொல்வதையெல்லாம் எழுதி, பக்கத்தில் பொருத்தமான ஆங்கிலம் தேடி எழுதினேன்.

அந்த அறையில் மூன்றாம் ஆள் இருக்கக் கூடாது என்று நரம்பு உளவியலாளர்களின் சங்கங்கள் சொல்கின்றன. பார்க்க ஆள் இருந்தால் சோதனை பழுதாகுமாம். மனைவியை வெளியே போகச் சொல்வார்கள். நான் இருப்பேன். நான் ஆளில்லை, தளபாடம். நடப்பதை ஒலிப்பதிவு செய்யலாமா என்ற சண்டை அங்கே முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. நீதிமன்றம் விரும்பினால் பதிவுக்கு அனுமதிக்கலாம் என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992இல், பெல்லாமி எதிர் ஜோன்சன் வழக்கில், சொன்னது. கேட்டுப் பெற வேண்டும், தானாகக் கிடைக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படம் பார்த்துப் பெயர் சொல்கிற சோதனை ஒன்று, பொஸ்டன் நகரத்துப் பெயர் கொண்டது, அறுபது கோட்டுப் படங்கள். அதில் ஒரு படம் தூக்குக்கயிறு. அந்தப் படம் தேவையா என்று ஆய்வாளர்களே பகிரங்கமாகக் கேட்டு எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், ஊர் சொல்ல மாட்டேன், அந்தப் பக்கம் வந்ததும் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பேசவில்லை. கைவிரல்கள் அட்டையின்மேல் அப்படியே இருந்தன. டொக்டர் என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. தாளில் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

இங்கே யுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்ததை இங்கே இருக்கிற பாதிப்பேர் கண்ணால் கண்டவர்கள். அதற்கு முன்பு சுனாமி. இந்தக் கரையில் ஒருவரிடம் 'முன்பு தலையில் அடிபட்டதா, பயந்து நித்திரை இல்லாமல் இருந்ததுண்டா' என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? ஆம் என்றால் அறிக்கையில் வரும்: மறதிக்கும் கோபத்துக்கும் காரணம் யுத்தம், வான் இல்லை. இதற்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. மண்டை மெலிந்தவனை இடித்தாலும் இடித்தவன் முழுப் பொறுப்பு; மெலிந்த மண்டை உன்னுடையது என்று தப்ப முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வேறொரு வாதம் வைத்திருக்கிறது: அந்த மண்டை ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தது, நாங்கள் இடிக்காவிட்டாலும் உதிர்ந்திருக்கும். இந்த இரண்டையும் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1996இல் ஏதி எதிர் லியோனாட்டி வழக்கில் பிரித்துக் காட்டியது. எங்கள் ஆட்களின் வழக்கு தோற்பதும் வெல்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யுத்தத்துக்குப் பிறகு, விபத்துக்கு முன்பு, நீங்கள் எப்படி இருந்தீர்கள்? விடியச் சாமம் எழும்பித் தோணி தள்ளினீர்களா? சீட்டுக் கணக்கு வைத்திருந்தீர்களா? கோவில் திருவிழாவுக்குப் பொறுப்பாக நின்றீர்களா? அப்படியென்றால் மண்டை உதிரவில்லை. யுத்தத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் பழைய கிளினிக் கொப்பி ஒன்று வெளியே வரும், பிறகு நீங்கள் சொன்ன உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

பொய்யைப் பற்றியும் பேசுவோம், கூச்சம் வேண்டாம். ஸ்காபரோவில் பரிசோதனைக்கு முதல்நாள் இரவு சொந்தக்காரர் கூடி வகுப்பு எடுப்பார்கள். "எதக் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுங்க. நொண்டி நொண்டி நடவுங்க." இதைவிடப் பெரிய கேடு ஒருவருக்குச் செய்ய முடியாது. அந்தச் சோதனைகளுக்கு நடுவில், பார்க்கக் கஷ்டமாகத் தெரிந்தாலும் உண்மையில் மிக இலகுவான சோதனைகளை மறைத்து வைத்திருப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஆள் படித்துக்கொண்டு போவார், அதற்குப் பிறகு உண்மையாக அடிபட்டவரையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். வேலை செய்கிற விதத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டில் எது சரி என்று ஐம்பது தரம் கேட்டால், ஒன்றுமே ஞாபகமில்லாத ஆள்கூடக் குருட்டாம்போக்கில் இருபத்தைந்து கிட்டச் சரியாகச் சொல்வார், காசு சுண்டுகிற மாதிரி. பத்துத்தான் சரி என்றால், சரியானதை அறிந்துகொண்டே மற்றதைக் காட்டியிருக்கிறார் என்று பொருள். சொந்தக்காரனின் புத்தி கேட்டவர் அங்கே அகப்படுவார், அவருடைய உண்மையான மறதியும் அவரோடு சேர்ந்து அகப்படும்.

அதே நேரம், வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே எடுத்தவரெல்லாம் பொய்யர் இல்லை. நித்திரை இல்லை, தலையிடி, மொழி விளங்கவில்லை, பேனை பிடித்தே இருபது வருடம் என்று பல காரணம் இருக்கும். ஒரு சோதனையை மட்டும் வைத்து ஒருவரைக் கள்ளன் ஆக்கக் கூடாது என்பதைத் துறையில் உள்ளவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஹென்றி மில்லர் என்ற நரம்பியல் வைத்தியர் 1961இல், நட்டஈடு கைக்கு வந்ததும் இந்த வருத்தமெல்லாம் மாறிவிடும் என்று எழுதினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளுக்கு அது தேவாரம் ஆனது. பின்னால் வந்தவர்கள் தேடிப் பார்த்தபோது, தீர்ப்புக்குப் பிறகும் பலர் குணமாகவில்லை என்று கண்டார்கள்.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். இங்கே அந்த அளவுக்குப் பெரிய பரிசோதனைகள் இன்னும் வழக்கமாகவில்லை, ஆனால் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. வாழைச்சேனை நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுகிற வழக்கு வேறு, நீங்கள் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் போடுகிற வழக்கு வேறு. முதலாவது முடியட்டும் என்று காத்திருந்து ஏமாந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இப்படியான வழக்குக்குக் கொடுப்பது இரண்டு வருடம். சித்தசுவாதீனம் இழந்தவருக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் மறதிக்காரர் எல்லோரும் அதற்குள் அடங்குவார் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

நிபுணரின் கருத்து சான்றாகும் என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. எல்லோரும் அந்த இலக்கத்தைச் சொல்வார்கள். 51ஆம் பிரிவைப் பலர் திறந்து பார்ப்பதில்லை: கருத்து எதன்மேல் நிற்கிறதோ அந்த ஆதாரமும் சான்றுதான் என்கிறது அது. சட்டத்தரணிமார் இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு நிபுணரிடம் கேளுங்கள்: எந்த மொழியில் சோதித்தீர்கள்? எந்த நாட்டு மக்களின் அளவோடு ஒப்பிட்டீர்கள்? எட்டாம் வகுப்புப் படித்த, கடற்கரைத் தமிழ் பேசுகிற எத்தனை பேர் அந்த அளவுக்குள் இருந்தார்கள்? மொழிபெயர்த்தவர் யார்? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள்? அவர் எழுதிய விடைத்தாள்களை எங்கள் தரப்பு உளவியலாளரிடம் கொடுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தோடு சண்டை பிடிப்பதைவிட அந்தத் தாள்களைப் பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது.

உங்கள் தரப்பு நிபுணரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் அடிபட்ட ஒருவருக்காகப் போன உளவியலாளரே, எதிர்த்தரப்பு நிபுணர் எழுதிக் கொடுத்த கூட்டறிக்கையில் ஒன்றையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். வழக்கை மிகக் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்ய வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நிபுணர்மேல் அவரை அமர்த்தியவரே வழக்குப் போடலாம் என்று 2011 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இந்தியாவில் நீதிமன்றங்கள் இந்த விடயத்தில் கொஞ்சம் கண் திறந்திருக்கின்றன. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: டொக்டர் எழுதுகிற சதவீதமும் உழைப்பில் விழுந்த நட்டமும் ஒன்றல்ல, இடக்கை போன தச்சனுக்கும் இடக்கை போன எழுதுவினைஞனுக்கும் ஒரே இழப்பு இல்லை. மறதியும் அப்படித்தான். கந்தோரில் இருப்பவர் மறந்தால் கொப்பியைப் பார்க்கலாம். மாரிக் கடலில் நிற்பவர் காற்றின் அடையாளத்தை மறந்தால் வீடு வந்து சேர மாட்டார். 2020 பெப்ரவரியில் இன்னொரு வழக்கில், பன்னிரண்டு வயதில் தலையில் அடிபட்டு, ஒன்பது மாதக் குழந்தையின் நிலைக்குப் போன ஒரு பெண்பிள்ளைக்கு அந்த நீதிமன்றம் ஏறக்குறைய 62 இலட்சம் ரூபாய் கொடுத்தது. கீழ் விசாரணையில் கிடைத்தது 11 இலட்சம். பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். பார்க்கிற தாயின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை எங்கள் வழக்குகளில் கேட்கக்கூட ஆளில்லை.

தங்கச்சிக்குச் சொன்ன பதில்: போங்கள். போகாவிட்டால் மறைக்கிறார் என்பார்கள். போவதற்கு முன்பு சட்டத்தரணி கடிதத்துக்குப் பதில் எழுதட்டும். தமிழில் நடத்த வேண்டும், எங்கள் பேச்சு விளங்குகிற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், என்னென்ன சோதனை என்று பின்னால் தெரிய வேண்டும். மகளை மொழிபெயர்க்க விடாதே. தகப்பனின் கோபத்தை ஒரு பிள்ளை எப்படித் தன் வாயால் சொல்லும்? வாகரையிலிருந்து இரவு பஸ்ஸில் போய்க் காலையில் நேரே அந்த அறைக்குப் போக வேண்டாம். முதல்நாளே போய்த் தங்குங்கள். மூக்குக்கண்ணாடி, வழக்கமாகக் குடிக்கிற குளிசை, சாப்பாடு மறக்காதே. களைத்தால் களைப்பு என்று சொல்லட்டும். தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லட்டும். முடிந்த அளவு செய்யட்டும். வெளியே வந்ததும் பஸ் எடுக்க முன்பே, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது வந்தார், எங்கே அழுதார் என்று எழுதி வை.

அதைவிட முக்கியமான வேலை வீட்டில் இருக்கிறது. விபத்துக்கு முந்திய மனிதரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கனடாக்காரர் பள்ளிக்கூடப் புள்ளியும் வரிப் பத்திரமும் கேட்பார். எங்களுக்குப் புள்ளி அட்டை சுனாமியில் போனது, மிச்சம் இடம்பெயர்வில் போனது. ஆனால் மீனவர் சங்கத்தில் மீன் கொடுத்த கணக்கு இருக்கும். சம்மாட்டியின் கொப்பி இருக்கும். கூடக் கரவலை இழுத்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எங்கே திரளி வரும், எங்கே ஓரா வரும் என்று மச்சானிடம்தான் கேட்பார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். வைத்தியசாலை டிக்கட்டின் பிரதி, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அதோடு ஒரு கொப்பி. ஸ்காபரோவில் ஒரு மனைவி அப்படி எழுதினார். திகதி, நேரம், நடந்தது, வேறொன்றும் இல்லை. 'அடுப்பை நிப்பாட்ட மறந்தார். மகளின் பெயரை மாற்றிச் சொன்னார். மூன்று தரம் ஒரே கதை கேட்டார். இரவு அழுதார்.' பதினான்கு மாதம். டொக்டரின் நாற்பது பக்க அறிக்கைக்கு முன்னால் அந்தப் பெண்ணின் சட்டத்தரணி வைத்தது அந்தக் கொப்பியைத்தான். முடிவு என்ன ஆனதென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு எந்தக் கதையிலும் கடைசிப் பக்கம் கிடைப்பதில்லை.

வாசலில் மேசையில் ஒரு கட்டுக் கொப்பி வைத்திருக்கிறேன். எண்பது பக்கம். வீட்டில் தலையில் அடிபட்ட ஆள் இருக்கிறவர்கள் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் விபத்து நடந்த திகதியை எழுதுங்கள், அதற்குக் கீழே அதிலிருந்து இரண்டு வருடம் முடிகிற திகதியையும் எழுதுங்கள். இன்று இரவே எழுதுங்கள்.